ராணியிடம் ஒளிந்த வேலை

1. முதல் நாள்

பதுளை மீட்புக் குழுவுக்கு ராணி வந்த அன்று என் வேலை மாறியது. ராணி ஆள் தேடும் நாய். அதற்கு முன் மண்சரிவு என்றால் "செல்லையாவக் கூப்புடு" என்பார்கள். மண்வெட்டியோடு முதலில் இறங்குகிறவன் நான்.

ராணியைப் பழக்கும் ஸ்டெல்லா சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணே, ட்ரெய்னிங்ல நீங்க போய் ஒளியணும். ராணி தேடி வந்து கொரைக்கும். ஒடனே இந்தப் பந்தக் குடுங்க. பந்து கெடைக்கலன்னா, தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்கும்."

பதினெட்டு வருடம் தோண்டியவனுக்கு ஒளிகிற வேலை. சரி என்றேன்.

2. பஸ் விளம்பரம்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நாயைக் கூப்பிடுவதில்லை. ஆள் புதைந்தால், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற அத்தனை பேரும் மண்ணில் ஏறி மிதிப்பார்கள். வாசம் கலந்து நாய்க்குப் பிடிபடாமல் போய்விடும். அதை மாற்றத்தான் விளம்பரம். வெலிமடை பஸ்ஸின் பின்பக்கம் முழுக்க ராணியின் முகம். "ஒளிஞ்சு பாருங்க, புடிச்சிருவேன்!" என்று எழுத்து. ஓரத்தில் தேயிலைச் செடிக்குக் கீழே ஒரு பூட்ஸ் தெரியும். அது என் கால்.

கொஸ்லந்த தேத்தண்ணிக் கடைக்காரர் சிரித்தார்.

"என்ன செல்லையா, நாய்க்கு முழுப் படம், ஒனக்கு ஒத்தக் காலா?"

 பஸ் போகும்வரை நான் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை.

3. மடுவம்

ஒரு தோட்டத்தில் ஒளிந்து விளையாடும் போட்டி வைத்தோம். சாயங்காலக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். பத்துப் பேர் ஒளிந்தோம். ஒன்பது பேரை ராணி பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கைதட்டல். "ராணி! ராணி!" என்று கத்தல். எனக்கு யாரும் அப்படிக் கத்தியதில்லை.

பத்தாவது நான். ராணியைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், பெண்கள் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்ட படங்குச் சாக்குகளுக்கு அடியில் படுத்தேன். முப்பது பேரின் வியர்வை அதில். வாசலிலும் அவர்களே கூட்டமாக நின்றார்கள்.

ராணி இரண்டு தடவை வாசல்வரை வந்து திரும்பியது. எனக்குச் சந்தோஷம்.

"நாய்க்குச் சளி புடிச்சிருச்சு போல!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கங்காணியின் குரல் கேட்டது.

"இத நம்பியா எங்க புள்ளைகள மண்ணுக்குள்ள தேடப் போறீங்க? வேணாங்க. நாங்களே தோண்டிக்கிறோம்."

போன மழைச் சரிவில் நாய் இல்லாமல் நாங்களேதான் தோண்டினோம். இடம் காட்டியது நான். ஆள் பத்தடி தள்ளிக் கிடந்தான். எடுத்தபோது உயிர் இல்லை.

"அக்காமாரே, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க. சத்தம் வேணாம்" என்றாள் ஸ்டெல்லா.

கூட்டம் விலகியது. காற்று உள்ளே வந்தது. சாக்கைப் பிறாண்டும் சத்தம். பிறகு என் முகத்தில் ஈர மூக்கு. ராணி குரைத்தது.

மறுபடியும் கைதட்டல். எல்லாம் ராணிக்குத்தான். பந்து என் கைக்குள் இருந்தது. கை திறக்கவில்லை. ராணி குரைப்பதை நிறுத்தியது. என்னைப் பார்த்தது. வால் இறங்கியது.

"அண்ணே, பந்து" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக.

எறிந்தேன். ராணி ஓடிக் கவ்வி, என்னிடமே கொண்டுவந்து வைத்தது.

கங்காணி ஸ்டெல்லாவின் நம்பரை வாங்கி மடுவத்துச் சுவரில் கரியால் எழுதினார். என் நம்பரைக் கேட்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஆள் புதைந்த இடத்தை யாரையும் மிதிக்க விடாதீர்கள். முதலில் நாய், பிறகு மண்வெட்டி. எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் பந்தைக் கொடுக்கப் பிந்துவதில்லை.