அரைமில்லி பிரதர்

வந்ததும் வராததுமாக ஒவ்வொரு நோயாளியின் கால் பெருவிரலையும் பிடித்துப் பார்க்கிறார். சூடாக இருந்தால் அந்த விரலுக்கே ஒரு "சபாஷ்". சில்லிட்டிருந்தால் கட்டிலருகே உள்ள மருந்துப் பம்பை முறைக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஆண் செவிலியர், ஐம்பதை நெருங்குபவர். எல்லாருக்கும் அவர் 'அரைமில்லி பிரதர்'. எந்த மருந்தையும் ஒரே மூச்சில் அரை மில்லிக்கு மேல் குறைக்க மாட்டாராம். நிமோனியாவோடு ஐந்து நாள் அங்கே கிடந்த எனக்கு அவரை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முடிதிருத்துபவர். கிருமி இரத்தத்தில் ஏறி, அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய், நினைவில்லாமல் வந்தவர். மூச்சுக்குக்கூட இயந்திரம்தான். பம்பிலிருந்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார் அட்ரினலின் மருந்து அவர் கழுத்து இரத்தக் குழாய்க்குள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

பார்வை நேரத்தில் வந்த அவர் மனைவி, புருஷனின் நீலம் பாரித்த விரல் நுனிகளைப் பார்த்துப் பதறிப்போனார்.

"இந்தக் கைய நம்பித்தான் எங்க வீடே இருக்கு பிரதர். அந்த மருந்த நிறுத்திடுங்களேன்."

"இப்ப நிறுத்தினா கை இருக்கும், ஆள் இருக்க மாட்டாரும்மா. நாம பயந்தா உடம்பு தானா ஊத்திக்கிற சரக்குதான் இது. அவருக்குப் பயப்படக்கூடத் தெம்பில்ல. அதான் அவருக்கும் சேத்து நான் பயந்துக்கிட்டு ஊத்துறேன்."

அந்த அம்மாள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்.

"குழாயில தண்ணி கம்மியா வந்தா ரப்பர் டியூப் வாயை விரலால அமுக்குவோமில்ல? இது ரத்தக் குழாயையெல்லாம் அப்படித்தான் இறுக்கும். மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போய்ச் சேந்துரும். கடைக்கோடியில இருக்குற விரல் காயும். அதனால சீக்கிரம் குறைக்கணும், ஆனா அவசரப்படக் கூடாது. எங்க பொழப்பே அதுதாம்மா."

மூன்று நாள் இழுபறி. அரை மில்லி குறைப்பார். திரையில் சராசரி அழுத்தம் அறுபத்தைந்துக்குக் கீழே சரிந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப ஏற்றுவார். ஒரு சிரிஞ்ச் தீரும் முன்பே அடுத்தது இன்னொரு பம்பில் தயாராக இருக்கும். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த செவிலிப் பெண் அதே குழாயில் வேறொரு ஊசியைச் செலுத்தப் போனாள். பிரதர் பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"அம்மா தாயே! டியூப்புக்குள்ள நிக்கிற மருந்து மொத்தமா உள்ள போனா பிரஷர் கூரையப் பிச்சுக்கிட்டுப் போயிரும்!"

அவள் முகம் சுண்டியது. "நானும் ஒரு தடவ இதப் பண்ணியிருக்கேன். அன்னிக்கு பேஷண்ட விட எனக்குத்தான் பிரஷர் அதிகமா ஏறிச்சு" என்று அவரே சிரித்துச் சமாளித்தார்.

நான்காம் நாள் காலை கடைசி அரை மில்லியையும் நிறுத்தினார். ஒரு மணி நேரம் திரையை விட்டு நகரவில்லை. அறுபத்தெட்டு. எழுபது. எழுபதிலேயே நின்றது. சுண்டுவிரல் நுனி மட்டும் இன்னும் கறுத்திருக்க, மற்ற விரல்களில் சிவப்பு திரும்பியிருந்தது. எனக்கே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மத்தியானம் நினைவு திரும்பியதும் மூச்சுக் குழாயை எடுத்தார்கள். முடிதிருத்துபவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "எங்க, விரல அசைங்க பாப்போம்" என்று பிரதர் அவர் முகத்தருகே குனிந்தார்.

அவர் கை மெல்ல மேலே வந்தது. இரண்டு விரல்கள் பிரதரின் காது மடலைப் பிடித்து மடக்கி, தலையை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பின. பிரதர் கண்ணை மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் தலையைக் கொடுத்தபடி நின்றார்.