வாய்த்துணிக்குள் ஒரு சிரிப்பு

என் மனைவி யாரைப் பார்த்து எவ்வளவு சிரிக்கிறாள் என்று கவனித்துக்கொண்டே காலத்தை ஓட்டியவன் நான். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அப்போது அது ஒரு வேலையாகவே இருந்தது.

அறுபதுகளின் கடைசி. திருச்சுழியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்களுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. காலையில் இட்லி, பணியாரம், மதியம் சோறு, நாள் முழுக்கக் காப்பி. எங்கள் வகையறாவில் பெண்கள் கடையில் நின்று பரிமாறுகிற வழக்கம் கிடையாது. ஆனால் சமையலுக்கு இருந்த அம்மாள் மகள் வீட்டோடு போய்விட்டாள். வேறு வழியில்லாமல் இவளைக் கூட்டி வந்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

அவள் வந்த ஒரே மாதத்தில் கடை நிமிர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டைவிட 'வாங்க' என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம். அதைச் சொல்லாமல் இலையைப் போட்டால் பசியோடு எழுந்து போய்விடுவார்கள். இவளோ நரிக்குடிப் பக்கத்துக்காரி, சிரிக்காமல் அதைச் சொல்லத் தெரியாதவள். அவளுக்கு ஒரு தெத்துப்பல். 'வாங்க' என்றால் அது தெரியாமல் சொல்ல முடியாது. அந்தப் பல்தான் என் நிம்மதிக்கு எமன்.

கல்லாவில் உட்கார்ந்தபடி நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். வெளியே யாருக்கும் அது தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அவள் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். ஆடு விற்க வருகிறவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. பஸ் கண்டக்டருக்குப் பாதி. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் குமாஸ்தா ஒருவனுக்கு மட்டும் உதடே பிரியக் கூடாது. மதுரைக்காரன், கல்யாணமாகாதவன், மூன்று வேளையும் எங்களிடம்தான் சாப்பாடு. மல்லிகைப்பூவாய் வெளுத்த சட்டை. அவனுக்கு அவள் இட்லி வைக்கும்போது நான் சில்லறை கொடுப்பதை மறந்து அவள் வாயையே பார்ப்பேன்.

அந்த நேரத்தில்தான் காய்ச்சல் வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஏறி வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் மறுநாள் அந்த வீடே படுத்தது. தமுக்கு அடித்துச் சொன்னார்கள்.

"சாப்பாட்டுக்கடை, காப்பிக்கடை, மிட்டாய்க்கடையில நிக்கிறவுக எல்லாரும் மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்கிறணும்! கட்டாத கடைய அடைச்சிருவாக!"

ஹெல்த் இன்ஸ்பெக்டரும் சைக்கிளில் வந்து கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போனார். என் பழைய வேட்டியைக் கிழித்து இவள் நாலு துண்டு செய்தாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, மாற்றுக்கு இரண்டு.

முதல் நாளே, வயல்காட்டிலிருந்து வந்த ஒரு சம்சாரி படியேறி எங்களைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "என்ன அண்ணாச்சி, பொணத்துக்குக் கட்டுற நாடிக்கட்ட உசுரோட இருக்கும்போதே கட்டிட்டீக?"

கடையே சிரித்தது. இவளும் சிரித்திருப்பாள். எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது.

மூடிய முகத்தில் மிச்சம் இருந்தது கண். ஆனால் எங்கள் அடுப்பில் எரிவதோ காயாத கருவேல விறகு. புகைக்கும் கண் இடுங்கும், சிரிப்புக்கும் கண் இடுங்கும். எது எதனால் என்று எந்தக் கொம்பன் கண்டுபிடிப்பான்? குமாஸ்தா ஏதோ சொன்னான். துணியைக் கட்டிக்கொண்டு பேசினால் குரல் எடுபடாதாகையால் இவள் அவன் பக்கத்தில் குனிந்து பதில் சொன்னாள். அவள் தோள் குலுங்கியது. என் வயிறு அடுப்பைவிட அதிகமாக எரிந்தது.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "அவன் என்ன சொன்னான்?"

"யாரு?"

"அந்த யூனியன் ஆபீசு."

"சட்னி வேணும்னாரு."

"அதுக்கு எதுக்குச் சிரிச்ச?"

"நா எங்க சிரிச்சேன்? பொகையில இருமல் வந்துச்சு."

சட்னிக்குத் தோள் குலுங்குமா? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்குக் காணாததெல்லாம் மஞ்சளாக இருந்தது. கடைசியில் அந்தத் துணித்துண்டின் மேலேயே பொறாமை வந்துவிட்டது. எனக்குத் தெரியாதது அதற்குத் தெரியுமே!

நான்காம் நாள் காலையில், கடை திறந்த கையோடு சொன்னேன். "அத அவுத்துரு. வாய மூடிக்கிட்டு வாங்கன்னு சொன்னா வந்தவுகளுக்கு என்ன மரியாத? காதுலயும் விழ மாட்டேங்குது, மூஞ்சியும் தெரிய மாட்டேங்குது. நேத்து ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருல்ல?"

ஒருவர் கோபித்துக்கொண்டு போனது உண்மைதான். பொய்க்குக் கொஞ்சம் உண்மை கலந்தால்தான் ருசி.

"இன்ஸ்பெக்டரு வந்தா?"

"வந்தா நா பாத்துக்கிறேன்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவிழ்த்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். நான் என்னுடையதை அவிழ்க்கவில்லை. கல்லா தெருவைப் பார்த்து இருக்கிறது, போகிற வருகிறவர்கள் கண்ணில் படும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

குமாஸ்தா வந்தான். 'வாங்க' என்றாள், அவ்வளவுதான். இட்லி வைத்தாள், சட்னி ஊற்றினாள். புகையில் கண் இடுங்கியது, உதடு மூடியே இருந்தது. அப்படியானால் எல்லாம் புகைதான். எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்தது, ஒரு காப்பி ஆறுகிற நேரத்துக்கு. பிறகு, நான் பார்க்கிறேன் என்று தெரிந்துதானே உதட்டை மூடிக்கொள்கிறாள் என்று தோன்றியது. பொறாமைக்காரனுக்கு எதைக் கொடுத்தாலும் பற்றாது.

அப்போது இன்ஸ்பெக்டர் படியேறிவிட்டார். சைக்கிளைத் தெரு முக்கிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். ஆறேழு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, தமுக்கு அடிச்சது காதுல விழலையா? ஒங்க வீட்டுக்காரர் கட்டியிருக்காரு, நீங்க ஏன் கட்டலை?"

வெக்கை, மூச்சு முட்டுகிறது என்று எதையாவது சொல்லட்டும் என்று கண்ணாலேயே சாடை காட்டினேன். பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில் வீரம் பேசிய வாய் துணிக்குள் ஒட்டிக்கொண்டது.

இவள் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இவுகதான் அவுக்கச் சொன்னாக சார்."

"எதுக்கு?"

"நா யாரப் பாத்துச் சிரிக்கிறேன்னு இவுகளுக்குத் தெரியணுமாம். துணி மறைக்குதாம்."

அந்தக் காரணத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

ஒரு சம்சாரிக்கு இட்லி புரையேறியது. கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். குமாஸ்தா இலையில் முகம் படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டான். இவள் மட்டும் சிரிக்கவில்லை. மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். எங்கள் ஊரில் ஏது கப்பல்? என் மானம் அடுத்த பஸ்ஸில் ஏறி, அந்தக் கண்டக்டர் புண்ணியத்தில், பாளையம்பட்டியில் இறங்கி இளைப்பாறி, அருப்புக்கோட்டை வரை போய்ச் சேர்ந்தது.

கடையை எட்டு நாள் அடைத்துப் போட்டார்கள். அந்த எட்டு நாளும் அவள் என்னைத் திட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், நேரத்துக்குச் சோறு போட்டாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். குமாஸ்தா வேறு கடை பார்த்துக்கொண்டான். சில மாதத்தில் மாற்றலாகிப் போயும் விட்டான்.

காய்ச்சலும் போனது. இனித் துணி வேண்டாம் என்று மறுபடி தமுக்கு அடித்தார்கள். எல்லாக் கடைக்காரர்களும் அவிழ்த்து அடுப்பில் போட்டார்கள். இவள் அவிழ்க்கவில்லை.

"அதான் வேண்டாம்னுட்டாகளே," என்றேன், முடிந்தவரை தணிவாக.

"இருக்கட்டும். பொகையா இருக்கு."

எழுபதுகளில் அந்தக் கடை நடந்த காலம் முழுக்க அவள் துணியோடுதான் நின்றாள். கிழிந்தால் வேறு கிழித்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. "அக்கா சிரிச்ச மொகமா வாங்கன்னு சொன்னாலே பாதி வயிறு நெறஞ்சிருது," என்று ஒரு லாரி டிரைவர் என்னிடமே சொன்னார். அவர்களுக்கெல்லாம் அவள் சிரிப்பது தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவள் துணியை அவிழ்த்துக் கொடியில் போடுவாள். அப்போது ஆசையாகப் பார்ப்பேன். வீட்டில் அவள் முகம் சும்மா இருக்கும்.

கடையை விட்டுப் பல வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அடக்க முடியாமல் கேட்டே விட்டேன். "அந்த யூனியன் ஆபீசுக்காரன் அன்னைக்கு என்னதான் சொன்னான்?"

"எந்த யூனியன் ஆபீசு?"

உயரம் சொன்னேன், நிறம் சொன்னேன். கறிவேப்பிலையை இலையின் இடது ஓரத்தில் ஒதுக்குவதைச் சொன்னேன். சட்டையின் மேல் பித்தானைக் கறுப்பு நூலில் தைத்திருந்ததைக்கூடச் சொன்னேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள்.

"அப்பிடி ஒரு ஆளு வந்தாரா? எனக்கு ஞாபகமே இல்லையே," என்றாள். "நீங்க அவுக்கச் சொன்னதுதான் ஞாபகம் இருக்கு."