கையுறை செய்த வேலை

ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை. காலையில் இரண்டு தோசை, பால் சேர்க்காத ஒரு கோப்பி-ஓ. ஜொகூர் மாசாயில் உள்ள வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கல்லூரி ஆய்வகத்தைத் திறந்து, மேசையைத் துடைத்தேன். பிறகு, வழக்கம்போல, புதிய ரப்பர் கையுறை.



எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கிரேட்டிங். கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நெருக்கமாக வரையப்பட்ட கண்ணாடித் தகடு. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கும். மாணவர்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். ஆளுக்கொரு நகல் கொடுத்தால் என்ன? தகட்டின் மேல் திரவ சிலிக்கோனை ஊற்றினால், மறுநாள் ரப்பர்போல இறுகிக் கோடுகளை அப்படியே வாங்கிக்கொள்ளும். அந்த அச்சில் பசை ஊற்றினால் நகல் தயார்.

சொல்வது எளிது. மூன்று முறை ஊற்றினேன். மூன்று முறையும் கோடு பதிய வேண்டிய பக்கம் பிசுபிசுத்தது. செவ்வாய் மதிய வகுப்புக்குள் நகல் வராவிட்டால் அந்தப் பரிசோதனையையே எடுத்துவிடலாம் என்று துறைத் தலைவி சொல்லிவிட்டார்.

திங்கள் மாலை நான் கூட்டத்தில் இருந்தபோது, சக ஊழியர் ஹமீது நான்காவது அச்சைத் தானே ஊற்றிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், பக்கத்தில் ஒரு கோப்பை நுரைத்த தே தாரிக், வெறுங்கை! எனக்கு உயிரே போனது.

செவ்வாய் காலை உரித்தோம். சுத்தமாக வந்தது. அச்சின் மேல் வானவில் ஓடியது.

"எப்படி ஊத்துனீங்க?"

"நீங்க ஊத்துற மாதிரிதாண்ணே. கிளவுஸ் மட்டும் போடல. நான் என்ன ஆப்பரேஷனா பண்றேன்?"

கையுறை! கந்தகம் பட்டால் இறுகாது என்று சிலிக்கோன் டப்பாவிலேயே போட்டிருந்தது. படித்தேன். ஆய்வகத்தில் கந்தகம் ஏது என்று நிம்மதியாக இருந்தேன். ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துவார்கள் என்பது, ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தூசி இருக்கக் கூடாதென்று அந்த ரப்பர் விரலால் தகட்டைத் துடைத்துத் துடைத்து...

தப்பு எங்கே என்று எல்லா இடத்திலும் தேடுகிறோம் — நம்முடைய நல்ல பழக்கங்களை மட்டும் சந்தேகிப்பதில்லை.

வெயில் பட்டால் இறுகும் செயற்கை நகப் பசை வாங்கி அச்சில் ஊற்றினோம். ஜொகூர் வெயில் சில நிமிடங்களில் அதை இறுக்கிவிட்டது. ஊற்று, காயவை, உரி. மதியம் யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆளுக்கொரு நகல், ஆளுக்கொரு வானவில்! துறைத் தலைவியும் ஒன்றைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இத நான் வச்சுக்குறேன்," என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கையுறைப் பெட்டியைக் கேன்டீன் அக்காவிடம் கொடுத்தேன். மீன் கழுவட்டும் — மீனுக்குக் கந்தகம் ஒன்றும் செய்யாது.