வலி தெரியாத எலிகள்

என் மனைவிக்குச் சொந்தக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கஞ்சா டாக்டர். அவள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், என்னிடம் சொல்வார்கள். அவளுடைய சித்தப்பா ஒருவர் பார்க்கும்போதெல்லாம் தோளில் கையைப் போட்டு, வீட்டில் சாம்பிள் ஏதாவது இருக்கிறதா என்று காதோடு கேட்பார். தொல்லை தாங்காமல் ஒருநாள் சமையல் சோடாவை மடித்துக் கொடுத்தேன். முட்டி வலி பறந்துவிட்டது என்று மறுநாளே போன் செய்தார்.

உண்மையில் அவள் பிழைப்பே வலிதான். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை ஏறாத ஒரு பொருளோடு ஆறு வருடமாக மல்லுக்கட்டுகிறாள். நரம்பில் அதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன, மருந்து அங்கே போய் உட்கார்ந்தால் வலி மூளைக்கு ஏறுவது மட்டுப்படும் என்பது அவள் கட்சி. வீட்டிலும் இதே நினைப்பு. மகள் விழுந்து அழுதுகொண்டே வந்தால், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். நாலு வயசுக் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏழு என்று சொல்லும்.

நானும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன், கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். அவள் எலிகளைச் சோதிப்பது ஒரு சூடான தட்டில், சரியாக ஐம்பத்திரண்டு டிகிரியில். எலி பாதத்தைத் தூக்கிய நொடியே எடுத்துவிடுவாள். அதுவரை எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. மருந்து கலக்காத வெறும் எண்ணெய் கொடுத்த எலி சீக்கிரம் காலைத் தூக்க வேண்டும், மருந்து கொடுத்தது தாங்க வேண்டும். எந்த எலிக்கு எது என்று அவளுக்கே தெரியாதபடி உதவியாளர் பெண் குறியீடு போட்டு ஒளித்து வைத்திருப்பாள். இந்த இருவரைத் தவிர அந்த அறைக்குள் யாரும் போவதில்லை.

இந்த வேலையைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று ஆய்வுக் குழு மாதக் கடைசியில் முடிவு செய்ய இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு தட்டின் சூடு ஏறி இறங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டாள். சரிசெய்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சோதனை முடியும்வரை மூலையில் உட்கார்ந்திருந்தேன். அன்று எண்ணெய் எலிகளும் மருந்து எலிகளுக்குச் சமமாகத் தாங்கின.

தட்டைத்தான் சந்தேகப்பட்டோம். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், கடைசியில் தட்டையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் கூடவே உட்கார்ந்து தெர்மாமீட்டரை முறைத்தேன். ஐம்பத்திரண்டு இம்மி பிசகவில்லை, எலிகளும் அசரவில்லை. மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மருந்தில் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள். ஆறு வருட உழைப்பை அவளே அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள் எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அன்று எண்ணெய் எலிகள் பழையபடி எட்டு விநாடியில் காலைத் தூக்கின. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவி என் அழுக்குச் சட்டையைக் கேட்டாள். துவைக்கத்தான் கேட்கிறாள் என்று நம்பி நன்றி வேறு சொன்னேன். அவளோ அதைக் கொண்டுபோய்ச் சோதனை அறையில் மாட்டினாள். சட்டை தொங்கிய நாளில் எல்லா எலிகளும் தாங்கின. எடுத்துவிட்டு, அறையைக் காற்றாட விட்டு, வேறு எலிகளை வைத்தபோது வித்தியாசம் திரும்பி வந்தது. ஆம்பளை வாடையில் எலிகள் மிரண்டுபோய், மிரட்சியில் வலி தெரியாமல் இருந்திருக்கின்றன. நல்ல தட்டை நான்தான் குடைந்து தள்ளியிருக்கிறேன்.

குழுத் தலைவர் சோதனையை நேரில் பார்க்க வந்தார். அவர் முன்னால் உட்காரவே கூச்சப்படுகிறவள், வாசலில் குறுக்கே நின்று, உள்ளே வரக் கூடாது சார், கண்ணாடி வழியாகப் பாருங்கள் என்றாள். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன்கள் மாதிரி அவரும் நானும் நடைவழியில் நின்றோம். குறியீட்டைப் பிரித்தபோது எண்ணெய் எலிகள் எட்டு, ஒன்பது விநாடி. மருந்து எலிகள் பதினைந்துக்கு மேல். இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து விழுந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். தட்டு, எண்ணெய், தீவனம், ஒன்றையும் விடாமல் சந்தேகப்பட்டாயே, மூலையில் புதிதாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தது தோன்றவே இல்லையா என்று.

"மூணாவது நாளே தோணுச்சு. நீங்களா இருக்கக் கூடாதேன்னுதான் மத்த எல்லாத்தையும் பார்த்தேன்."

ஒரு விநாடியைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அவள். எனக்காக நாள்கணக்கில் விட்டுக்கொடுத்திருக்கிறாள்.