மாசாணியம்மாள் கேட்டு வாங்கிய கருமணல்

பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குப் பின்னால் இருக்கும் சந்து யாரால் மேடானது என்று கேட்டால், பால் ஊற்ற வருகிறவர்கூட மாசாணியம்மாள் வீட்டைத்தான் கை காட்டுவார். ஒரு காலத்தில் அவளுக்கு அதில் பெருமை உண்டு.

முப்பது வீடுகள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் அளந்து கொடுத்த மூன்று சென்ட் பட்டா. ஓசியில் கொடுப்பவர்கள் மேட்டையா கொடுப்பார்கள்? பள்ளத்தைத்தான் கொடுத்தார்கள். ஐப்பசி மழைக்கு அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும். கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்னால், மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்த மாசாணியம்மாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு பவுண்டரி மேனேஜரைப் பார்க்கப் போனாள். இரும்பு ஊற்றி ஊற்றிக் கருகிப்போன அச்சுமணல் அங்கே மலையாகக் கிடந்தது. அதைக் கொடுத்தால் சந்துப் பள்ளத்தை நிரவிக்கொள்வோம் என்று கேட்டாள். காசு கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய குப்பையைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? பதினோரு லோடு வந்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, பெண்கள் லாரிக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

அடுத்த மழைக்குச் சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தூசிதான் வந்தது. காற்றடித்தால் தயிரில் கறுப்பு ஆடை கட்டும். வெள்ளைக்கோலம் மத்தியானத்துக்குள் சாம்பலாகிவிடும். வாசல் அழுக்காகக் கிடந்தால் மாசாணியம்மாளுக்குச் சோறு இறங்காது. விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்து, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், பறக்கப் பறக்கக் கூட்டித் தள்ளுவாள்.

இரண்டாவது அலையில் சந்தில் பாதிப்பேருக்குக் கொரோனா வந்தது. ஒன்பது நாள் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்துவிட்டு, அவள் உயிரோடு திரும்பினாள். திரும்பியது உயிர் மட்டும்தான். உலை வைத்தால் உட்கார வேண்டும், அரிசி களைந்தால் படுக்க வேண்டும். கம்பெனி வேலை போயிற்று. “நோவு போயும் சோம்பல் போகலை” என்று சந்தே பேசியது. அவள் புருஷன் காளிச்சாமியும் அதை நம்பினான். அதுதான் அவளுக்கு மூச்சுத் திணறலைவிட வலித்தது.

மூன்று வருடம் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். போன சித்திரையில் ஒரு டாக்டரம்மாதான், வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டாள். மாசாணியம்மாள் பவுண்டரியைச் சொன்னாள், மணலைச் சொன்னாள், விளக்குமாற்றையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

“கொரோனா விட்டுட்டுப் போன சீக்குங்கம்மா இது. தூசியாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குள்ளயே இருந்தீங்கன்னா உங்க நெஞ்சு ஆறாதுங்க.”

சோதித்துப் பார்ப்போம் என்று சென்னிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் இளவேனில் வீட்டுக்குப் போனாள். பத்தாம் நாள் மலைக்கோயில் படியில் நூறு படி ஏறி, தன்னாலேயே நம்ப முடியாமல் உட்கார்ந்து அழுதாள். இங்கேயே இருந்துவிடு என்று மகள் கெஞ்சினாள். “மருமகன் ஊட்டுல எத்தன நாளைக்குங் கண்ணு கை நனைக்கறது?” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பழைய இளைப்பு திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சந்தில் தன்னைப்போலவே தேறாமல் கிடப்பவர்களை எண்ணிப் பார்த்தாள். ஐந்து பேர். ஐந்து பேர் வாசலிலும் அவள் வாங்கிப் போட்ட மணல். அப்புறம் தூக்கம் ஏது? காளிச்சாமியிடம்கூட அதை வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை. சொல்லாமல் விட்டது பெரிய பிசகு.

இந்த ஐப்பசியில் மழை கொட்டியது. மணல் அமுங்கிப்போயிருந்த சந்தில் மறுபடி முழங்கால் தண்ணீர். மழை விட்டதும் எதிர்வீட்டுச் சின்னத்தாயி பெண்களோடு வந்து நின்றாள். மேனேஜரிடம் இன்னொரு தரம் மணல் கேட்க, அக்கா முன்னால் வர வேண்டும் என்றாள்.

மாசாணியம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா சொன்னதை, சென்னிமலையில் மூச்சு வந்ததை, ஐந்து பேர் கணக்கை, நடுநடுவே இளைத்து இளைத்துச் சொல்லி முடித்தாள். “நான் செஞ்சுபோட்ட தப்புங்க அது. மறுக்காவும் வேண்டாம்.”

சின்னத்தாயி கோபப்படவில்லை. “தூசின்னா கூட்டித் தள்ளிப்போடலாங்க்கா. தண்ணியக் கூட்ட முடியுங்களா?” என்றாள்.

மாசாணியம்மாள் இளைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். பெண்கள் அவளை விட்டுவிட்டுத் தாங்களே போய்க் கேட்டார்கள்.

நாலாம் நாள் காலை லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் ஊர்ந்து வந்தது. முதலில் கேட்டு வாங்கியவள் அவள்தானே, முதல் லோடு அக்கா வாசலுக்குத்தான் என்று சின்னத்தாயி சொல்லியிருந்தாள். மரியாதையில் குறை வைக்கிற ஊரா இது? சத்தம் கேட்டு மாசாணியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேண்டாம் என்று கத்த நினைத்தாள், இருமல்தான் வந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கி ஆட்டினாள்.

கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்த டிரைவர், வரச் சொல்கிறாள் என்று நினைத்து, இன்னும் நாலு அடி பின்னால் வந்து மணலைச் சரித்தான். சின்னத்தாயி சிரித்த முகத்தோடு அவள் வாசல்படியிலேயே தேங்காயை உடைத்தாள்.