பூப்பாத்தியில் எங்கள் பீடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சாமி காரியத்தைத் தாளில் எழுதிப் பழக்கமில்லை. அதோடு, "அந்தத் தோட்டத்துக்காரங்க கண்ணுல பட்டா நாளைக்கு கேட்டையே தெறக்க மாட்டாங்க, சும்மா கெட" என்று என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, தடுத்துக்கொண்டே இருந்தார். திறக்காவிட்டால் போகட்டும் என்று இப்போது தோன்றிவிட்டது. எழுதுகிறேன்.

நாங்கள் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். நான் கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எங்கள் குலசாமி இருப்பது இங்கே இல்லை, கிழக்கே கடற்கரையில், தேரி என்கிற செம்மணல் மேட்டில். வீட்டுக்காரரின் முன்னோர் அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஐயா என்றுதான் சாமியைச் சொல்வோம். ஐயாவுக்குக் கோயில் கிடையாது, சிலை கிடையாது. பங்குனி உத்திரத்தன்று போய், அங்கிருக்கும் கிணற்றில் தண்ணீர் இறைத்து, கிணற்றுக்குக் கிழக்கே மண்ணைக் குழைத்துப் பீடம் பிடிப்போம். மஞ்சள் பூசிப் பூப்போட்டுப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புவோம். காற்றும் மழையும் பீடத்தைக் கரைத்துவிடும். மறுவருஷம் போய் மறுபடி பிடிப்போம். இடையில் அங்கே சாமி இருந்த அடையாளமே இருக்காது. அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

மாமனார் இறந்த வருஷம் போகவில்லை. அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு, அப்போதும் போகவில்லை. அதற்குள் என் மகளுக்கு மூன்று வயது முடியப் போயிற்று. முதல் முடி ஐயாவுக்குத்தான் என்பதால் அதுவரை கத்தரி படக் கூடாது. வெயில் காலத்தில் பிள்ளையின் தலை முழுக்கக் கொப்புளம். சொறிந்து சொறிந்து சடை பிடித்துவிட்டது. பால்வாடி டீச்சர், "இப்படியா பிள்ளைய வளப்பீக?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இந்த வருஷம் எப்படியும் முடி எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைப்பதற்கு லாரி ஓட்டும் என் தம்பி லீவு போட்டு வந்தான். முடி எடுக்கிற அண்ணனைச் சாத்தூரில் ஏற்றிக்கொண்டு வேனில் கிளம்பினோம். சுனாமி வந்து போனதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை.

போய்ப் பார்த்தால் மணல் பாதை தார் ரோடாகி இருந்தது. ரோடு முடிகிற இடத்தில் செங்கல் நிறத்தில் மதில், பெரிய மரக்கதவு. உள்ளே ஒரு புது ஊரே கட்டியிருக்கிறார்களாம், வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிப் போவதற்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் சுற்றிப் பார்க்கலாமாம். அன்று ஞாயிறாக அமைந்தது ஐயா செயல்.

காவல்காரர் என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். வெள்ளை மருந்து ஏறிய கை அது. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் பளபளக்கும்.

"சிவகாசிப் பக்கமா? மூட்டைல வெடிகிடி இருக்கா?"

"பொங்கப் பானை இருக்கு. வெடிக்காது" என்றான் தம்பி.

"பொங்கல்லாம் அங்கிட்டு கடக்கரைல வச்சுக்கிடுங்க. உள்ள ஓலை வேஞ்ச வீடு இருக்கு. தீப்பெட்டியக் குடுத்துட்டுப் போங்க."

மதினி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "வச்சுக்கிடுங்க. நல்லாப் பத்தும்." அவர் இடுப்பில் இன்னும் ரெண்டு இருந்தது எனக்குத் தெரியும்.

உள்ளே நடந்தோம். இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டும், அழகான ஊர்தான் அது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளை, நாட்டு ஓடு. ஒரு வீட்டு ஜன்னல் மாதிரி இன்னொரு வீட்டு ஜன்னல் இல்லை. எந்தத் திண்டில் உட்கார்ந்தாலும் கடல் காற்று தேடி வந்து அடிக்கிற மாதிரி சந்துகளை விட்டிருந்தார்கள். பனைகளை வெட்டாமல் அவற்றைச் சுற்றியே பாதை போட்டிருந்தார்கள். பொட்டல் மணலில் புல்லும் பூவுமாக இத்தனை பச்சை நான் பார்த்ததில்லை. என் மகள் கொப்புளத்தை மறந்து பட்டாம்பூச்சி பின்னாலேயே ஓடினாள்.

பிறகு கிணற்றைப் பார்த்தோம். எங்கள் கிணறுதான், சந்தேகமே இல்லை. மேலே கம்பி வலை போட்டுப் பூத்தொட்டி அடுக்கியிருந்தார்கள். அதற்குக் கிழக்கே அரைவட்டமாக ஒரு பாத்தி. சிவப்பும் மஞ்சளுமாகப் பெயர் தெரியாத பூக்கள். நடுவில் ஒரு குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார்.

"இங்கனதான்."

தோட்டக்காரர் ஓடிவந்து தடுத்தார். அவர் போய்க் கூட்டிவந்தவர்தான் அந்த ஊருக்கே படம் போட்டவர். இன்ஜினியர் என்றோம், ஆர்க்கிடெக்ட் என்று சொல்ல வேண்டுமாம். பருத்திச் சட்டை, மூக்குக் கண்ணாடி, அதிர்ந்து பேசாத மனுஷர். வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"நிலம் வாங்கும்போது எல்லாம் பார்த்தோமே. இங்கே கோயில் எதுவும் இல்லை. ஒரு கல்கூட இல்லை."

"கல்லு இருக்காதுங்க. நாங்க வந்தா இருக்கும்."

அவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டுக் காட்டினார். கேட்டுக்குப் பக்கத்தில், வேம்புக்குக் கீழே ஒரு சின்ன மண்டபம் கட்டித் தருகிறேன், ஓட்டுக்கூரை, விளக்கு மாடம், எல்லாம் என் செலவு என்றார். அந்தக் கோட்டிலேயே எனக்கு அது தெரிந்தது. கட்டியிருந்தால் அழகாகத்தான் இருந்திருக்கும்.

அந்த மாதிரி ஆட்களிடம் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. தீப்பெட்டி ஆபீசில் எல்லாவற்றுக்கும் சரிங்க என்று சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

"ஊரே கட்டியிருக்கீக. நல்லாருக்கு. எங்க ஐயாவுக்கு மட்டும் கட்டாம விட்டுருங்க. அவருக்குக் கூரை ஆகாது."

"தோட்டத்தைத் தோண்டுவதற்கு நான் அனுமதிக்க முடியாதும்மா. பீச்சில் செய்யுங்கள், உதவிக்கு ஆள் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு செல்லை எடுத்து மானேஜரைக் கூப்பிட்டார்.

என் மகள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்குக் கடற்கரைக்குப் போனால் நாளைக்குக் கேட்டுப் பக்கத்து மண்டபத்துக்குப் போவோம். அப்புறம் இவர்கள் காட்டுகிற இடத்தில்தான் எங்கள் சாமி இருக்கும். சேலையைச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிட்டேன். செடி என்ன பாவம் செய்தது? வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, அரிசி கொண்டுவந்த சாக்கை நனைத்து நிழலில் விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தேன்.

"ஏளா, என்ன செய்யுத?" என்றார் மதினி.

"எடம் ஒதுக்குறேன் மதினி."

அவர் தெளிக்கிற குழாயை வளைத்துக் குடத்தில் பிடித்தார். வீட்டுக்காரர் மண்ணைக் குழைத்தார். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்து, "ஆரம்பிங்கண்ணே" என்றான்.

மானேஜர் ரெண்டு ஆட்களோடு வந்தபோது பிள்ளையின் தலையில் வலப்பக்கம் முழுக்க எடுத்தாகிவிட்டது. "நிறுத்துங்க" என்று அதட்டினார். அண்ணன் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் வழுவழு மொட்டை, மறுபக்கம் தொங்குகிற சடை. பிள்ளை ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நிறுத்தியாச்சு சார்" என்றான் தம்பி. "இந்த அரைத்தலைய என்ன செய்யன்னு நீங்களே சொல்லுங்க. இப்படியே பஸ் ஸ்டாண்டுல நிறுத்தி, எந்த ஊர்ல எடுத்ததுன்னு கேட்டா உங்க ஊர் பேரச் சொல்லிருதோம்."

வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆர்க்கிடெக்ட் வாயைப் பொத்திக்கொண்டார். மானேஜருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"முடிக்கட்டும்" என்றார் ஆர்க்கிடெக்ட்.

முடித்தோம். மொட்டையில் சந்தனம் பூசினோம். பீடத்துக்கு மஞ்சள் பூசி, கீழே விழுந்திருந்த அவர்கள் பூவையே போட்டோம். மதினி இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்துப் பாத்தி ஓரத்தில் அடுப்பு மூட்டினார். பொங்கி வழிந்தபோது எங்கள் குலவை அந்த வெள்ளை வீடுகள் எல்லாவற்றிலும் கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆர்க்கிடெக்ட் கும்பிடவில்லை. இலையில் கொடுத்த பொங்கலை மட்டும் வாங்கிக்கொண்டார். "அடுத்த வருஷம் முன்னாடியே சொல்லிட்டு வாங்க" என்றார்.

"காலண்டர்லயே போட்டிருக்கும் சார்" என்றார் வீட்டுக்காரர்.

கிளம்பும் முன் செடிகளை நானே திரும்ப நட்டேன், பீடத்தைச் சுற்றி. அதிலிருந்து எந்த வருஷமும் நாங்கள் விட்டதில்லை. போகும்போதெல்லாம் அந்த இடத்தில் புதுச் செடி இருக்கும், பெயர்த்து வைத்துவிட்டுப் பீடம் பிடிக்கிறோம். சில வருஷம் காவல்காரர் முறைப்பார், சில வருஷம் விட்டுவிடுவார்.

இப்போது எங்கள் சொந்தத்திலேயே இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். பூப்பாத்தியிலிருந்து நாகம் படமெடுத்து வந்ததாம், அந்த ஆர்க்கிடெக்ட் மயங்கி விழுந்தாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. நாகம் வந்துதான் இடம் கிடைத்தது என்றால், நாகம் வராத வருஷம் நாங்கள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதானா? ஐயா எங்கள் கைவழியாகத்தான் வந்தார். அதுவே எனக்குப் போதும். இதை வாசிக்கிறவர்கள் யாருக்குச் சொன்னாலும் நான் சொன்னபடியே சொல்லுங்கள். எதையும் சேர்க்க வேண்டாம், அரைமொட்டையையும் விட்டுவிட வேண்டாம்.