சொந்த மண்ணில் ஒரு ஃபைனல்

இந்த ஊரில் துவைத்த சட்டைக்கும் போர்வைக்கும் நடுவே தேசியக் கொடியை க்ளிப் போட்டு மாட்டிவைக்கிறார்கள். தூறல் விழுந்தால் துணியை மட்டும் உள்ளே எடுக்கிறார்கள், கொடி நனைந்துகொண்டே கிடக்கிறது. நம்மூரில் இப்படிச் செய்தால் தாசில்தார் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிடும். 2004 ஜூன் மாதம், போர்ச்சுகலில் ஐரோப்பியக் கோப்பை ஃபுட்பால் நடக்கிறது. நான் இங்கே வந்த முதல் கோடை. நாட்டின் வடக்கே ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பரிசோதிக்கும் வேலை. ஆம்பூர்க்காரனுக்கு வெளிநாட்டில் பின்னே என்ன வேலை தருவார்கள், ராக்கெட் ஓட்டவா?

ஆம்பூரில் எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பார்த்து நாங்கள் டீம் பிடிப்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள் எந்த நாட்டு ஆர்டருக்கு ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்களோ, அந்த நாடுதான் அந்த வீட்டுக்கு டீம். என் அக்கா ரீட்டா அப்போது ஜெர்மனி ஆர்டரில் இருந்தாள், அதனால் நாங்கள் ஜெர்மனி. 1996 ஃபைனலில் ஜெர்மனி கோல்டன் கோல் போட்டு மூன்றாவது முறை கோப்பையைத் தூக்கியது. அடுத்த வாரமே அக்கா கம்பெனியில் ஓவர்டைம். அவ்வளவுதான், ஜெயித்த நாட்டிலிருந்து ஆர்டர் கொட்டும் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. 2000 ஃபைனலில் இத்தாலி ஜெயிக்கப்போகிற கடைசி நொடியில் பிரான்ஸ் சமன் செய்து, பிறகு ஜெயித்தும்விட்டது. எதிர்வீட்டு சலீமின் அம்மா இத்தாலி லைனில் தைப்பவர். அவன் முகம் தொங்கிப்போனது.

“பேஜாரா கீதுடா. அம்மா லைன நிறுத்திருவானுங்களா?”

“கப்புதான்டா போச்சு, வேல எங்க போவுது? மூடிக்கினு வா.”

சொல்லிவிட்டேனே ஒழிய எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். யார் எப்போது ஜெயித்தார்கள், எங்கே தோற்றார்கள் என்று அந்தக் கோப்பையின் பழைய கணக்கு மொத்தத்தையும் நான் மண்டையில் ஏற்றிக்கொண்டது அந்த உதறலில்தான். காலேஜ் பாடம் இந்த வேகத்தில் ஏறியிருந்தால் கோல்டு மெடலே வாங்கியிருப்பேன்.

இங்கே தையல் செக்‌ஷனில் அமேலியா என்று ஒரு பெண்மணி. என்னை ‘மெனினோ’ என்றுதான் கூப்பிடுவார். பையா என்று அர்த்தம். தையல் செக்‌ஷனை மூடிவிட்டு அந்த வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. வெறும் பேச்சு மட்டுமில்லை. என் மேஜைக்கு வந்த சாம்பிள் பெட்டி ஆம்பூரிலிருந்து, அதுவும் ரீட்டா அக்கா இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கும் அதே கம்பெனியிலிருந்து வந்தது. தையலில் ஒரு குறை கிடையாது. அதையே எழுதிக் கொடுத்தேன். முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாக மேனேஜர் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். போர்ச்சுகலும் கிரீஸும்.

வெள்ளிக்கிழமை காபி மெஷின் பக்கத்தில் அமேலியா சோர்ந்து நின்றார். தேற்றலாமே என்று எங்கள் தெருக் கதையைச் சொன்னேன். கூடவே கணக்கையும் எடுத்துவிட்டேன்: 1964 ஸ்பெயின், 1968 இத்தாலி, 1984 பிரான்ஸ். போட்டி நடத்தும் நாடு ஃபைனல் வரை வந்து தோற்றதாகச் சரித்திரமே இல்லை. அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

“அப்போ எங்க செக்‌ஷன் இருக்குமா, மெனினோ?”

“இல்லைங்க, நான் ஃபுட்பால் பத்திச் சொன்னேன்.”

அவர் சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்தார். “புரியுது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

உள்விவரம் தெரிந்த ஆபீஸ்காரன் ஜாடையாக நல்ல செய்தி சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் தையல் செக்‌ஷனே என்னைப் பார்த்துப் புன்னகைத்தது. என் அரைகுறை போர்ச்சுகீசில் மறுக்க மறுக்க, ரகசியம் காக்கிறான் நல்ல பிள்ளை என்று முதுகில் தட்டினார்கள்.

ஞாயிறு மாலை ஊர்ச் சதுக்கத்தில் பெரிய திரை. கிரீஸுக்கு ஒரே ஒரு கார்னர், தலையால் முட்டி ஒரே ஒரு கோல். முதல் ஆட்டத்திலும் போர்ச்சுகலை வீழ்த்தியது இதே கிரீஸ்தான். சொந்த மண்ணில் ஃபைனலில் தோற்ற முதல் நாடு என்று கணக்கில் புதிதாக ஒரு வரி ஏறியது. ஊரே அழுதது. பக்கத்தில் நின்ற அமேலியா அழவில்லை. “நாளைக்கு?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அது நிஜம்தான். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் செக்‌ஷனைக் கூட்டிச் சொல்லிவிட்டார். ஆம்பூருக்கு போன் போடும் வேலை என்னுடையது. அங்கே மதியம் தாண்டியிருந்தது. ரீட்டா அக்காதான் எடுத்தாள்.

“டேய், நீயா! இன்னாச்சு, சாம்பிள் ஓகேவா?”

“ஓகேக்கா. ஆர்டர் உங்களுக்குத்தான்.”

அக்கா லைனைப் பார்த்துக் கத்தினாள். விசில், கைதட்டல். “மாதனூர்லருந்து புதுசா பொண்ணுங்கள எடுக்கணும்டா, இன்னொரு பஸ்சே விடுவாங்க! ஆமா, போர்ச்சுகல் தோத்துட்டானாமே? தோத்தவன் ஊர்லருந்து ஆர்டர் வருது பாரு. நம்ம தெரு கணக்கெல்லாம் டுபாகூர்டா.”

அப்போது கதவைத் திறந்துகொண்டு அமேலியா வந்தார், கைப்பை தோளில், விடைபெற. அவருக்குப் பின்னால் தையல் செக்‌ஷன் ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. போனில் ஆம்பூர் மெஷின்கள் மறுபடி கடகடவென்று ஓட ஆரம்பித்தன. அவர் காதில் விழக்கூடாது என்று ரிசீவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். இந்த ஊர் வழக்கப்படி அவர் கன்னத்தோடு கன்னம் வைத்து ஏதோ சொன்னார். என் சட்டைக்குள் தையல் ஓடிக்கொண்டே இருந்தது.